அஞ்சாவது மணை

கிட்ட வந்து உக்காருங்க எல்லாரும். யாரு காலு இது, மடக்கிக்கோ. ஆங், இப்ப சொல்றேன். மலைக்கு இந்தப் பக்கமா, ஆத்துக்கு அந்தப் பக்கமா, மேலமங்கலம்னு ஒரு சீமை இருந்துச்சு. அந்தச் சீமைக்கு ஒரு ராசா, பூபாலராசான்னு பேரு. சின்ன வயசுக்காரரு, நல்லவருதான், ஆனா எதுலயும் அவசரம். சாப்பாடு அவசரம், குளியல் அவசரம், குதிரை ஏறி ஊரைச் சுத்துறதுக்கு மட்டும் அவசரமே கெடையாது.

அந்தச் சீமையில ரெண்டு பேருக்குள்ள சண்டைன்னா மொதல்ல ஊர்ச்சாவடியில பேசுவாங்க. அங்க தீரலைன்னா நாட்டுச்சாவடிக்குப் போவாங்க. அங்கயும் தீரலைன்னா பெரிய சாவடி. அதுக்கு மேல போக எடமே கெடையாது, அங்க சொல்றதுதான் கடைசிப் பேச்சு. பெரிய சாவடியில அஞ்சு மணை போட்டிருப்பாங்க. மணைன்னா தெரியும்ல, பலா மரத்துல செஞ்ச உக்கார்ற பலகை. அஞ்சு மணையில அஞ்சு ஞாயாதிபதிங்க உக்காந்து கேப்பாங்க, மூணு பேரு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் தீர்ப்பு.

அப்படி இருக்கும்போது ஒருநாள், அஞ்சு பேருல மூத்தவரு, தொண்ணூறு வயசு இருக்கும், மத்தியானம் ரெண்டு மாம்பழம் சாப்பிட்டாரு, பேஷா இருக்குன்னாரு, சாஞ்சு படுத்தாரு, அப்புறம் எந்திரிக்கவே இல்ல. ஒரு மணை காலி.

சிரிக்காதீங்க, அங்கதான் வம்பு ஆரம்பிக்குது. ஏன்னா அப்ப பெரிய சாவடியில ஒரு வழக்கு நடந்துக்கிட்டு இருந்துச்சு. தாழம்பாடின்னு ஒரு ஊரு. அந்த ஊருக்குத் தண்ணி வர்ற வாய்க்காலை, மந்திரி இருக்காரே, மார்த்தாண்டராயர், அவரு மண்ணைக் கொட்டி அடைச்சுப்புட்டாரு. அடைச்சு, மொத்தத் தண்ணியையும் தன்னோட வாழைத்தோட்டத்துக்குத் திருப்பிக்கிட்டாரு. கேட்டா, "இந்த வாய்க்காலை வெட்டினதே எங்க தாத்தாதான்"ங்கிறாரு. ஊர்ல நாத்து காயுது, மாடு காயுது, மனுசங்க தொண்டை காயுது. நாலு ஞாயாதிபதிங்கள்ல ரெண்டு பேரு, "தாத்தா வெட்டினது நெஜந்தானே, மந்திரிக்குத்தான் உரிமை"ன்னாங்க. ரெண்டு பேரு, "தண்ணி எல்லாருக்கும் பொது"ன்னாங்க. ரெண்டும் ரெண்டும் சமம். அந்த அஞ்சாவது மணையில யாரு வந்து உக்கார்றாங்களோ அவங்க கையிலதான் தாழம்பாடியோட உசுரே இருக்கு.

மந்திரி என்ன நெனைச்சாரு? எம் மச்சினன் சிங்காரராயனை அந்த மணையில உக்கார வெச்சுட்டா தண்ணி நமக்குன்னு நெனைச்சாரு. அந்த மச்சினனுக்கு என்ன தெரியும்னு கேக்குறீங்களா? மீசை முறுக்கத் தெரியும். காலையில ஒரு தரம் முறுக்குவான், மத்தியானம் ஒரு தரம் முறுக்குவான், சாயங்காலம் ஒரு தரம் முறுக்குவான். அவ்வளவுதான்.

ஆனா ராசா நெனைச்சாக்கூட தன் இஷ்டத்துக்கு ஒரு ஆளைப் புடிச்சு உக்கார வெச்சுட முடியாது. ராசாவோட தாத்தா அந்தக் காலத்துலயே சட்டம் போட்டுட்டாரு. ஏன்? நாளைக்கு ராசா மேலயே யாராவது வழக்குப் போட்டா? ராசா உக்கார வெச்ச ஆளு ராசாவைப் பாத்து "நீ செஞ்சது தப்பு"ன்னு சொல்லுவாரா? அதனால, மணை காலியாச்சுன்னா மூணு பேரு சேந்து ஆள் தேடணும். வக்கீலுங்கள்ல ஒருத்தர், குடியானவங்கள்ல ஒருத்தர், அரண்மனையில ஒருத்தர். அவங்க தேடி மூணு பேரை ராசா முன்னாடி கொண்டுவந்து நிறுத்தணும். அந்த மூணுல ஒருத்தரைத்தான் ராசா எடுக்கணும், நாலாவதா ஒருத்தரை எடுக்கக் கூடாது. அதோட போச்சா? இல்ல. ஒரு வருஷம் போனதும் சனங்க வந்து, இந்த ஞாயாதிபதி இருக்கலாம்னா குடத்துல வெத்தலையைப் போடணும், வேணாம்னா எருக்கலையைப் போடணும். எருக்கலை அதிகமானா அவரு மணையை விட்டு எந்திரிச்சுப் போயிரணும்.

நல்ல சட்டந்தான? ஆனா மந்திரி அதுலயும் ஒரு சந்து கண்டுபுடிச்சாரு. ஆள் தேடுற மூணு பேரையும் கூப்பிட்டாரு. வக்கீலைப் பாத்து, "உம் பொண்ணு கல்யாணத்துக்கு அரண்மனை யானை வந்து நிக்கும்"னாரு. குடியானவரைப் பாத்து, "உம்ம வயலுக்குத் தனி மடை"ன்னாரு. அரண்மனை ஆளைப் பாத்து ஒண்ணும் சொல்லல, அவன் ஏற்கனவே இவரு ஆளுதான். அப்புறம் சொன்னாரு, "மொதப் பேரு எம் மச்சினன். மீதி ரெண்டு பேரு யாருன்னா, ராசா பாத்த ஒடனே 'ஐயையோ இது வேணாம்'னு சொல்ற ஆளாப் பாத்துப் போடுங்க. அப்ப ராசா வேற வழியில்லாம எம் மச்சினனை எடுத்துத்தானே ஆகணும்?"

புரியுதா தந்திரம்? மூணு பேரு இருப்பாங்க, ஆனா இருக்கிறது ஒருத்தர்தான்.

சரின்னு தேடினாங்க. ரெண்டாவது ஆளா பண்டிதர் உமாபதியைப் புடிச்சாங்க. பெரிய படிப்பாளிதான், ஆனா பாவம், வயசாகிப்போயி, பேசிக்கிட்டே இருக்கும்போது தூங்கிருவாரு. மூணாவது ஆளா யாரைப் போடலாம்னு யோசிச்சாங்க, யோசிச்சாங்க, அப்புறம் மூணு பேரும் ஒண்ணா சிரிச்சாங்க. "திருமேனி!"ன்னாங்க.

திருமேனி யாருன்னா, அந்த ஊர்ல ஒரு வக்கீலு. நல்லாப் படிச்சவரு. ஆனா அவரு மாதிரி தோத்த வக்கீலு உலகத்துலயே கெடையாது. ஏன் தோப்பாருன்னா, தன் பக்கத்தை நல்லாப் பேசிக்கிட்டே வருவாரு, பேசிக்கிட்டே வருவாரு, எதிராளி எந்திரிச்சு ஒரு வார்த்தை சொன்னதும், "அட, அவரு சொல்றதுலயும் ஞாயம் இருக்கே"ன்னுருவாரு! அவ்வளவுதான், வழக்கு போச்சு. கட்சிக்காரன் தலையில அடிச்சுக்கிட்டு வீட்டுக்குப் போவான்.

அரண்மனைச் சேவகன் வந்து சேதி சொன்னான். திருமேனிக்கு சந்தோஷம் தாங்கல. உள்ள ஓடிப்போயி, "வடிவாம்பா, என்னைப் பெரிய சாவடி மணைக்குக் கூப்பிட்டிருக்காங்க"ன்னாரு.

அவரு சம்சாரம் வடிவாம்பா அம்மியில தேங்கா அரைச்சுக்கிட்டு இருந்தா. அரைச்சது அப்படியே நின்னுபோச்சு. "உங்களையா?"ன்னா.

"என்னைத்தான்."

"நீங்க எந்த வழக்குங்க ஜெயிச்சிருக்கீங்க?"

"ஏன், போன ஆடியில ஒண்ணு ஜெயிச்சேனே."

"அன்னிக்கு எதிராளிக்குக் காய்ச்சல், சாவடிக்கே வரல."

"ஜெயிச்சது ஜெயிச்சதுதானே"ன்னாரு. ஆனா கொரல் கொஞ்சம் எறங்கிப்போச்சு.

வடிவாம்பா கெட்டிக்காரி. "கூட யாரு யாரு பேருங்க?"ன்னு கேட்டா. மந்திரி மச்சினனும் தூங்குற பண்டிதரும்னு அவரு சொன்னதும் அவளுக்குப் புரிஞ்சுபோச்சு. "ஏங்க, நான் சொன்னா வருத்தப்படக் கூடாது. உங்களை ஒப்புக்குச் சேத்திருக்காங்க. கல்யாண வீட்டு வாசல்ல வாழைமரம் கட்டுவாங்கல்ல, அந்த மாதிரி. யாரும் வாழைமரத்துக்குத் தாலி கட்டப் போறதில்ல."

திருமேனி கெணத்தடிக்குப் போயி, துவைக்கிற கல்லு மேல ரொம்ப நேரம் உக்காந்திருந்தாரு. படிச்ச மனுசன் இல்லையா, ஊரு சிரிக்கும்போது தெரியாத மாதிரி இருப்பாரு, ஆனா மனசுல குத்தாம இருக்குமா? அப்புறம் எந்திரிச்சு வந்து, "வடிவாம்பா, கூப்பிட்டவங்க எதுக்குக் கூப்பிட்டாங்களோ அது அவங்களோட. எனக்கு ராசா முன்னாடி நின்னு பேச ஒரு வாய்ப்பு. நான் போறேன்"ன்னாரு. அவ அவரோட நல்ல வேட்டியை எடுத்து வெச்சா.

மறுநாள் அரண்மனையில கூட்டம் கூடிருச்சு. ராசா வந்தாரு. அவருக்குத்தான் எல்லாம் அவசரமாச்சே, குதிரை வெளிய சேணம் கட்டி நிக்குது. "சீக்கிரம் முடிப்போம். ஒரே ஒரு கேள்வி, மூணு பேருக்கும் அதே கேள்வி. இன்னிக்குக் காலையில என் குதிரை ஒரு கீரைக்காரியோட கூடையில இருந்த கீரையைத் தின்னுருச்சு. அந்தம்மா நஷ்டம் கேக்குது. குதிரையைப் பாத்துக்குற லாயக்காரன் என்ன சொல்றான்னா, அந்தம்மா கூடையை நடுப்பாதையில எறக்கி வெச்சிருந்துச்சாம், குதிரைக்கு என்ன தெரியும், தின்னுருச்சுங்கிறான். என்ன தீர்ப்பு சொல்லுவீங்க?"

மொதல்ல சிங்காரராயன் வந்தான். மீசையை முறுக்கினான். "மகாராசா, உங்க குதிரை வாயில போறதுக்கு அந்தக் கீரை குடுத்து வெச்சிருக்கணும்! பாதையில கூடை வெச்சதுக்கு அந்தக் கீரைக்காரிதான் அபராதம் கட்டணும்!" மந்திரி கையைத் தட்டினாரு, அவரைப் பாத்து எல்லாரும் கையைத் தட்டினாங்க.

ரெண்டாவது பண்டிதர் உமாபதி வந்தாரு. "கீரைங்கிறது என்னன்னா..."ன்னு ஆரம்பிச்சாரு. கொட்டாவி விட்டாரு. நின்ன எடத்துலயே தூங்கிட்டாரு. ரெண்டு பேரு தாங்கிப் புடிச்சுத் தூணோரமா சாய்ச்சு வெச்சாங்க.

மூணாவது திருமேனி வந்தாரு. கும்புட்டாரு. சுத்தியும் முத்தியும் பாத்தாரு. "கீரைக்காரம்மா எங்க?"ன்னாரு. எல்லாரும் முழிச்சாங்க. "லாயக்காரன் எங்க?"ன்னாரு. சிரிக்க ஆரம்பிச்சாங்க. "குதிரை எங்க?"ன்னாரு. சபையே விழுந்து விழுந்து சிரிச்சுச்சு.

ராசாவுக்குக் கோவம் வந்துருச்சு. "அதான் நடந்ததை நான் சொன்னேனே!"

"மகாராசா அதைக் கண்ணால பாத்தீங்களா?"

"இல்ல. நான் சாப்பிட்டுக்கிட்டு இருந்தேன். லாயக்காரன் வந்து சொன்னான்."

"அப்ப நீங்க கேட்டது ஒரு பக்கம். எனக்கும் ஒரு பக்கந்தான் சொல்லியிருக்கீங்க. ஒரு பக்கத்தை மட்டும் வெச்சுக்கிட்டுத் தீர்ப்பு சொல்ல எனக்குத் தெரியாதுங்க. தெரிஞ்சிருந்தா நான் எத்தனையோ வழக்கு ஜெயிச்சிருப்பேன்."

சிரிப்பு அடங்கிப்போச்சு. ராசா ஆள் அனுப்பி ரெண்டு பேரையும் கூப்பிட்டாரு. கீரைக்காரி வாசல்லயேதான் நின்னுக்கிட்டு இருந்தா, அஞ்சலைன்னு பேரு. திருமேனி கேட்டாரு, "ஏம்மா, கூடையை எங்க வெச்சிருந்த?"

"எங்க வெப்பேன் சாமி? என் தலையிலதான். இந்த லாயக்காரன் குதிரையோட கயித்தை விட்டுட்டு அந்தாண்ட யாருகூடவோ பேசிக்கிட்டு நின்னான். அது பின்னாடி வந்து என் தலையில இருந்த கூடையில வாயை வெச்சிருச்சு. கீரையோட என் கொண்டையையும் சேத்து இழுத்துச்சு. இந்தாங்க பாருங்க"ன்னு தலையைக் காட்டினா. பாதி முடி நட்டுக்கிட்டு நிக்குது!

ராசா லாயக்காரனைப் பாத்தாரு. லாயக்காரன் தரையைப் பாத்தான். "தப்புதான் மகாராசா"ன்னுட்டான்.

அப்ப ராசாவுக்குச் சுருக்குன்னு ஆச்சு. ஒரு கீரைக்கட்டுக்கே நம்ம ஆளு நம்மகிட்ட பொய் சொல்றான், நாம அதை அப்படியே நம்பி ஊரைக் கூட்டிச் சொல்றோம், இன்னும் எத்தனை விசயத்துல நாம பாதியை மட்டும் கேட்டிருக்கோமோன்னு நெனைச்சாரு. வெளிய குதிரை கனைச்சுச்சு. அவரு எந்திரிக்கல. மொத மொதலா அவசரப்படாம உக்காந்திருந்தாரு. கீரைக்காரிக்கு நஷ்டத்தைக் குடுக்கச் சொன்னாரு. அப்புறம், "திருமேனிதான் அஞ்சாவது மணைக்கு"ன்னாரு.

மந்திரி குதிச்சு எந்திரிச்சாரு. "மகாராசா! அவரு தோத்த வக்கீலு! ஊரே சிரிக்கும்!"

"மூணு பேரைத் தேடிக் கொண்டுவந்தது யாரு? சட்டப்படி ஆள் தேடினவங்கதானே? மூணுல ஒண்ணை நான் எடுக்கணும்னுதானே எங்க தாத்தா சட்டம்? எடுத்துட்டேன்"ன்னாரு ராசா. மந்திரி உள்ளுக்குள்ள, போகட்டும், இவன்தான் எதிராளி என்ன சொன்னாலும் ஞாயம்னு தலையாட்டுறவனாச்சே, நாம நாலு வார்த்தை நல்லாப் பேசினா நமக்கும் தலையாட்டிருவான்னு நெனைச்சாரு.

வாய்க்கால் வழக்கு வந்துச்சு. தாழம்பாடி சனம் முழுக்க நடந்தே வந்து சாவடியில உக்காந்திருச்சு. அவங்களுக்காகப் பேச வந்தவ பொம்மக்கான்னு ஒரு பொம்பளை, அவளுக்கும் அங்க கொஞ்சம் நெலம் இருந்துச்சு. ராசாவும் வந்து சனங்களோட சனமா தரையில உக்காந்தாரு. பெரிய சாவடிக்குள்ள ராசா வரலாம், ஆனா வழக்கு நடக்கும்போது வாயைத் தொறக்கக் கூடாது. அதுவும் தாத்தா சட்டந்தான்.

மந்திரி பேசினாரு. தாத்தா வெட்டினதைச் சொன்னாரு, தாத்தா செலவு பண்ணினதைச் சொன்னாரு, தாத்தா பட்ட கஷ்டத்தைச் சொன்னாரு. "வாய்க்காலோட வாய் அரிச்சுப்போச்சு. அதைச் சரி பண்ணத்தான் அடைச்சேன்"ன்னாரு.

திருமேனி கேட்டுக்கிட்டே இருந்தாரு. கடைசியா தலையை ஆட்டினாரு. "மந்திரி சொல்றதுலயும் ஞாயம் இருக்கு"ன்னாரு.

அவ்வளவுதான், பொம்மக்கா கண்ணுல தண்ணி முட்டிக்கிச்சு. பின்னாடி ஒரு கெழவரு, "வாங்க போகலாம், மாட்டை வித்துட்டு வேற சீமைக்குப் போயிருவோம்"னு எந்திரிக்கப் போனாரு. மந்திரி மச்சினனைப் பாத்துக் கண்ணைச் சிமிட்டினாரு.

திருமேனி, "எந்திரிக்காதீங்க பெரியவரே. நான் இன்னும் உங்க பக்கம் கேக்கல. சொல்லும்மா"ன்னாரு.

பொம்மக்கா மூக்கை உறிஞ்சிக்கிட்டு எந்திரிச்சா. "ஐயா, அவங்க தாத்தா வெட்டச் சொன்னாரு, நெஜந்தான். ஆனா மண்ணைச் சுமந்தது எங்க பாட்டனுங்க. தண்ணி ரெண்டு பேருக்கும்னு பேசித்தான் சுமந்தாங்க. இப்ப எங்க பிள்ளைங்க ஆத்து மணல்ல ஊத்துத் தோண்டிக் குடிக்குதுங்க. நாத்து பூரா கருகிப்போச்சு. எங்களுக்கு அவரு தோட்டம் வேணாம், எங்க தண்ணி போதும்."

திருமேனி மந்திரி பக்கம் திரும்பினாரு. "வாய்க்காலை அடைச்சுட்டீங்களே, அப்ப உங்க வாழை எப்படிப் பச்சையா இருக்கு?"

"அதுக்கு நான் வேற மடை வெச்சிருக்கேன்."

"அந்த மடை அரிச்சிருக்கா?"

"இல்ல."

"அப்ப அந்த மடை வழியா இவங்களுக்குக் கொஞ்சம் தண்ணி விடலாமே. இவங்க வந்து கேட்டாங்களா?"

"கேட்டாங்க."

"என்ன சொன்னீங்க?"

பொம்மக்கா முந்திக்கிட்டு சொன்னா, "போயி வானத்தைக் கேளுன்னாருங்க."

திருமேனி சொன்னாரு, "மந்திரி பக்கமும் ஞாயம் இருக்கு, நான் மறுக்கல. அவங்க தாத்தா வெட்டினாரு, அவரு வாழைக்கும் தண்ணி வேணும். ஆனா ஒரு பக்கம் கொஞ்சம் ஞாயம் இருக்கிறது வேற, அந்தப் பக்கம் ஜெயிக்கிறது வேற. இது புரியாமத்தான் நான் இத்தனை வருஷம் தோத்தேன். ரெண்டு பக்கத்தையும் கேட்டேன், ரெண்டையும் எடை போட்டேன். ஒரு பக்கம் வாழை, ஒரு பக்கம் பிள்ளைங்க. வாய்க்காலை இன்னிக்கே தொறக்கணும். மண்ணைக் கொட்டினவரே மண்ணை அள்ளணும்."

மூணுக்கு ரெண்டு. தாழம்பாடி ஜெயிச்சுருச்சு! சனம் போட்ட சத்தத்துல பண்டிதர் உமாபதிகூட அவரு வீட்டுல முழிச்சுக்கிட்டாராம்.

மந்திரிக்குத் தலைக்கு ஏறிப்போச்சு. எந்திரிச்சாரு, கையை நீட்டிக் கத்தினாரு. "ஓய்! உம்மை யாருன்னு நெனைச்சீரு? ஒப்புக்குத்தானே உம்ம பேரைச் சேத்தேன்! எம் மச்சினன் உக்கார வேண்டிய மணை அது!"

சொல்லிட்டாரு. சொன்னதுக்கப்புறந்தான் பாத்தாரு, எதிர்க்க ராசா உக்காந்திருக்காரு. ராசா வாயைத் தொறக்கல, சாவடி இன்னும் கலையலையே. ரெண்டு கையாலயும் வாயைப் பொத்திக்கிட்டு, மூஞ்சி செவந்துபோயி உக்காந்திருக்காரு. அஞ்சு ஞாயாதிபதிங்களும் எந்திரிச்சு உள்ள போற வரைக்கும் பொறுத்தாரு. அவங்க போனதும் கையை எடுத்தாரு.

"ஒப்புக்கா? யாரு சேத்தது? எத்தனை பேரைச் சேத்தீங்க?"

அப்புறம் என்ன, எல்லாம் வெளிய வந்துருச்சு. யானைப் பேச்சும் வந்துச்சு, தனி மடைப் பேச்சும் வந்துச்சு. ஆள் தேடின மூணு பேரையும் ராசா அந்தப் பொறுப்புல இருந்து தூக்கிட்டாரு, மார்த்தாண்டராயருக்கு மந்திரி வேலையும் போச்சு. அன்னிக்குச் சாயங்காலம் அவரும் மச்சினனும் இடுப்புல துண்டைக் கட்டிக்கிட்டு வாய்க்கால் சேத்துல எறங்கி மண்ணை அள்ளினாங்க. அவரு ஒரு கூடை அள்ளினா மச்சினன் அரைக் கூடை அள்ளினான். மீசையெல்லாம் சேறாகி, கீழ தொங்கிப்போச்சு. தண்ணி ஒடைச்சுக்கிட்டு வந்துச்சு பாருங்க, ரெண்டு பேரையும் உருட்டித் தள்ளிட்டு நேரா தாழம்பாடிக்கு ஓடுச்சு! பிள்ளைங்க எல்லாம் தண்ணிக்கு முன்னாடி ஓடுதுங்க, நாய்ங்க பிள்ளைங்களுக்கு முன்னாடி ஓடுதுங்க.

ராசா இன்னொரு காரியமும் பண்ணாரு. இனிமே மணை காலியானா, தேடின மூணு பேரு பேரையும் மொதல்ல ஊர் ஊரா தமுக்கு அடிச்சுச் சொல்லணும், யாருக்கு என்ன சொல்லணுமோ சொல்லட்டும், அப்புறந்தான் ராசாகிட்ட வரணும்னு தாத்தா சட்டத்தோட இதையும் சேத்துட்டாரு.

ஒரு வருஷம் போச்சு. குடத்தை வெச்சாங்க. சனங்க வரிசையா வந்து போட்டாங்க. சாயங்காலம் குடத்தைக் கவுத்தா, ஒரே வெத்தலை, மலை மாதிரி வெத்தலை. நடுவுல ஒரே ஒரு எருக்கலை.

திருமேனி வீட்டுக்கு வந்து, "வடிவாம்பா, ஒரே ஒருத்தருக்குத்தான் என்னைப் புடிக்கல, யாருன்னே தெரியல"ன்னாரு.

வடிவாம்பா சோத்தைப் போட்டுக்கிட்டே சொன்னா, "நான்தாங்க போட்டேன்."

"நீயா! ஏன்?"

"அத்தனை பேரும் வெத்தலையே போட்டா உங்களுக்குத் தலைக்கனம் வந்துரும்ல? அப்புறம் யாரு அடக்குறது? சாப்பிடுங்க, ஆறிப்போகுது."

திருமேனி சிரிச்சாரு பாருங்க, பொரை ஏறுற வரைக்கும் சிரிச்சாரு. அவ எந்திரிச்சு வந்து தலையில தட்டினா.

அதனால பிள்ளைங்களா, ஞாயம் சொல்ற எடத்துல யாரை உக்கார வெக்கிறோம்னு மறைச்சு செய்யக் கூடாது, ஊரு பாக்கத்தான் செய்யணும். தாழம்பாடி வாய்க்கால்ல தண்ணி ஓடியாச்சு, எங்கிட்ட இருந்த கதையும் ஓடியாச்சு. இனிமே உங்க கண்ணுல தூக்கம் ஓடட்டும். யாருடா அது இன்னும் முழிச்சுக்கிட்டு இருக்கிறது? கண்ணை மூடு.